சீல் குட்டியின் மூக்கும் குணவதி எழுதாத வசனமும்

1

இதைக் கதையாக எழுதும் எண்ணம் எனக்குச் சத்தியமாக இருக்கவில்லை. சிறுவர் இதழ் ஒன்றிலிருந்து கட்டுரை கேட்டார்கள். துறைமுகச் சீல்களின் வாழ்க்கையும் பழக்கவழக்கங்களும், இளம் வாசகர்களுக்கு, இரண்டு பக்கம், படம் தாங்களே போட்டுக்கொள்வார்களாம். உடனே ஓம் என்று ஒப்புக்கொண்டேன். நான் நேரில் ஒரு சீல்கூடக் கண்டதில்லை. அவர்கள் அதைக் கேட்கவில்லை, நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை.

முதல் தொடக்கம்: "சீல் ஒரு பாலூட்டி."

(சரியான வசனம்தான். ஆனால் இதைப் படித்த பிள்ளை அடுத்த வசனத்துக்கு முன் கொட்டாவி விடும். வெட்டு.)

இரண்டாவது: "நான்தான் துறைமுகச் சீல் பேசுகிறேன்! என் மீசையைப் பார்த்தீர்களா, தம்பி தங்கைகளே? நான் பிறந்த பாறை"

(ஐயோ. பள்ளிக்கூடக் கட்டுரைகளில் குடை பேசியிருக்கிறது, பேனா பேசியிருக்கிறது, கிழவிப் பசு அழுதழுது பேசியிருக்கிறது. சீலாவது வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும். வெட்டு.)

மூன்றாவது: "அலை அடித்து ஓய்ந்த ஒரு பாறையின் மேல், தலையும் வால்பக்கமும் மேலே தூக்கியிருக்க, வாழைப்பழம்போல வளைந்து கிடந்த அந்தச் சீல்"

இந்த இடத்தில்தான் அவள் வந்தாள். வசனத்தை முடிக்கக்கூட விடவில்லை. "ஏன் உப்பிடி வளைஞ்சு கிடக்குது? முதுகு நோகாதோ?" என்று கேட்டாள். தலையிலும் துடுப்பிலும் ஈரம் பட்டால் குளிரும், அதனால்தான் தூக்கி வைத்திருக்கிறது என்று விளக்கினேன். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு என் கட்டுரையின் நடுவில் சப்பணம் கட்டி உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் சீல் பிடிக்கப் போனேன், அகப்பட்டது குணவதி.

2

இனி அவளைக் கிளப்ப முடியாது. ஆகவே அறிமுகம் செய்துவிடுகிறேன்.

காலம் 1987. ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் ஒன்று. குணவதி ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகள் மடிக்கிறாள். அண்ணன் விநாயகமூர்த்தி, அவனுடைய ஏழு வயது மகள், குணவதி, மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளைக்கு நான் முதலில் வைத்த பெயர் பரிமளம். பிறகு கதை வாசனையின் பக்கம் திரும்பப் போவது தெரிந்ததும் பயந்து மாற்றிவிட்டேன். வாசனைக் கதையில் பரிமளம் என்று ஒரு பிள்ளை நடமாடினால் வாசகருக்கே தும்மல் வரும். இனி அவள் துஷ்யந்தி. வீட்டில் துஷி.

துஷியின் அம்மா கமலாம்பிகை மெட்ராசில் இருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன்பு நால்வருமாகத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து மெட்ராஸ் வழியாகப் புறப்பட்டார்கள். வழியில் ஒரு விமான நிலையத்தில் கமலாம்பிகையின் பாஸ்போர்ட்டை மட்டும் பிடித்துவைத்து அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். துஷி அப்போது மாமி குணவதியின் தோளில் நித்திரை. கண் விழித்தபோது கனடாவில் இருந்தாள். அன்றிலிருந்து தலை வாருவது, பல் விளக்குவது, பனிச் சப்பாத்துக்குள் கால் திணிப்பது எல்லாம் மாமிதான். இப்போது அவளை அழைக்கப் போட்ட ஸ்பொன்சர் விண்ணப்பம் சரிவந்துவிட்டது. தைப்பொங்கலுக்குச் சற்று முன்பாகக் கமலாம்பிகை வந்து இறங்குகிறாள்.

சீல் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் தமிழ் வகுப்பு நடக்கும். நடத்துகிறவர் இராஜரட்ணம் மாஸ்ரர். பொங்கல் விழாவுக்குப் பிள்ளைகளுக்கென ஒரு சிறு மலர் வெளியிட வேண்டும், கனடா விலங்குகளைப் பற்றிப் பெற்றோரே எழுத வேண்டும் என்று கூட்டம் வைத்தார். பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள்? கோணேஸ்வரி அன்ரி கரடியைப் பிடித்துக்கொண்டாள். பீவரை மாஸ்ரர் தனக்கே வைத்துக்கொண்டார். மூஸ் மானுக்கு இரண்டு தகப்பன்மார் கிட்டத்தட்ட அடிபட்டார்கள். குணவதி வேலை முடிந்து, பஸ் பிடித்து, பிந்தி வந்தாள்.

"குணம், உமக்குச் சீல்," என்றார் மாஸ்ரர்.

"எனக்கு அதைப் பற்றி ஒண்டும் தெரியாது மாஸ்ரர்."

"அதுக்குத்தான் உமக்குத் தந்தது. தெரிஞ்சவை எழுதினா நீட்டிப்போடுவினம்."

(மாஸ்ரரின் இந்தக் கொள்கையில் பெரிய உண்மை இருக்கிறது. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள்.)

3

குணவதி யோசித்தாள். துறைமுகச் சீல் துறைமுகத்தில்தானே இருக்கும். ரொறன்ரோவில் துறைமுகம் இருக்கிறது. அக்கரை தெரியாத தண்ணீர் இருக்கிறது, அலை அடிக்கிறது, கடற்காகம் கத்துகிறது. கடல் என்பதற்கு யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்திக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை துஷியையும் கூட்டிக்கொண்டு, புட்டும் மீன் பொரியலும் கட்டிக்கொண்டு, ஸ்ரீற்கார் ஏறிப் போய்விட்டாள்.

இருவரும் கரையோர வாங்கில் உட்கார்ந்து பார்த்தார்கள். கப்பல் போனது. வாத்து போனது. சீல் தலை காட்டவில்லை. மீனைக் கண்டால் வரும் என்று நினைத்துக் குணவதி ஒரு துண்டு மீன் பொரியலைத் தண்ணீரில் எறிந்தாள். ஒரு கடற்காகம் அதை அந்தரத்திலேயே கவ்வி, ஒரு விழுங்கு விழுங்கி, மிளகாய்த் தூள் தொண்டையில் பட்டதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

துஷி குனிந்து தண்ணீரில் விரலை விட்டு நக்கினாள். "மாமி! உப்பு இல்லை. இட்ஸ் ஜஸ்ற் வோட்டர்!"

குணவதியும் நக்கிப் பார்த்தாள். நல்ல தண்ணீர். கிணற்றுத் தண்ணீர்போல நல்ல தண்ணீர். மூன்று வருடமாக இதைக் கடல் என்று நினைத்து, மெட்ராசுக்கு எழுதிய கடிதங்களிலும் கடல் என்றே எழுதியிருக்கிறாள். முதலில் அவளுக்கு வெட்கம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. இருவரும் வாங்கிலிருந்து சரிந்து விழும்வரை சிரித்தார்கள்.*

* இளம் வாசகர் கவனத்துக்கு: அது ஒன்ராறியோ ஏரி. துறைமுகச் சீல்கள் வாழ்வது கிழக்கேயும் மேற்கேயும் உள்ள கடலோரங்களில். சில வேளை ஆறுகளின் வழியே உள்ளே ஏறி வருவதும் உண்டு. ஆனால் மீன் பொரியலுக்காக ரொறன்ரோ வரை வந்ததாகத் தகவல் இல்லை.

இந்தக் காட்சியை வெட்டிவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். கட்டுரைக்கு இது தேவையில்லை. ஆனால் சிரிப்பு அடங்கியபோது துஷி கேட்டதற்காக வைத்திருக்கிறேன்.

"மாமி, அம்மா வந்தா, அவதான் அம்மா எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"போட்டோ இருக்குத்தானே."

"போட்டோவிலை அவ விரல் அளவு. எயார்போர்ட்டிலை பெரிசா வருவாவே?"

குணவதி பெட்டியை மூடினாள். பெரிதாகத்தான் வருவாள் என்று மட்டும் சொன்னாள்.

4

நூலகத்தில் கிளடிஸ் என்ற பெண்மணி சிறுவர் பகுதியிலிருந்து ஒரு படப்புத்தகம் தேடிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு குணவதி எழுதத் தொடங்கினாள். நன்றாகவே எழுதினாள், எனக்குக் கொஞ்சம் பொறாமை. பாருங்கள்:

"சீல் குட்டி பிறந்த அன்றே நீந்தும். களைத்தால் அம்மாவின் முதுகில் ஏறிக்கொள்ளும். அம்மாவின் பாலில் கிட்டத்தட்டப் பாதி கொழுப்பு. அதனால் குட்டி பார்த்துக்கொண்டிருக்கவே கொழுக்கும். சீலின் மூக்கு எப்போதும் மூடியிருக்கும். மூச்சு எடுக்க வேண்டுமென்றால்தான் திறக்கும். தண்ணீருக்குள் ஒரு மீன் போன வழியை அது மீசையாலேயே கண்டுபிடிக்கும். தரையில் நடக்கத் தெரியாது. வயிற்றால் துள்ளித் துள்ளிப் போகும். பாறையில் கூட்டமாகப் படுக்கும், ஆனால் பக்கத்தில் கிடப்பவர் முட்டினால் உறுமும். எங்கள் கட்டடத்து லிஃப்ற்றில் நிற்கிறவர்களும் இப்படித்தான்."

(கடைசி வசனத்தை மாஸ்ரர் வெட்டினார். நான் ஒட்டியிருக்கிறேன்.)

"அம்மாச் சீல் குட்டியைக் கரையில் விட்டுவிட்டு இரை தேடப் போகும். குட்டியைத் தனியாகக் கண்டால் ஐயோ பாவம் என்று தூக்கக் கூடாது. அம்மா வரும். வந்ததும் மூக்கோடு மூக்கை வைத்து மணந்து பார்த்து, இதுதான் என் பிள்ளை என்று தெரிந்துகொள்ளும்."

எழுதியதைக் குணவதி உரக்க வாசித்தாள். துஷி வாயில் வைத்த பிஸ்கட்டைக் கடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வழி கிடைத்துவிட்டது.

மறுநாளிலிருந்து அந்தக் கட்டடத்தில் மூக்கு வைக்கப்படாத ஆள் இல்லை. அப்பாவில் பிளாஸ்ரிக் மணம், ஏனென்றால் அவர் வாளி செய்யும் தொழிற்சாலையில் வேலை. கோணேஸ்வரி அன்ரியில் சந்தனச் சவர்க்காரம். இராஜரட்ணம் மாஸ்ரரில் வெங்காயமும் தைலமும். லிஃப்ற்றில் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவரையும் மணந்து பார்த்தாள். அவருடைய நாய் இவளைத் திருப்பி மணந்தது, மரியாதைக்கு மரியாதை.

"அப்ப என்னிலை என்ன மணம்?" என்று குணவதி கேட்டாள்.

"மாமி மணம்."

"அது என்ன மணமடி?"

"மாமி மணம்தான்," என்றாள் துஷி. இதையெல்லாம் ஒரு கேள்வி என்று கேட்கிறாளே என்ற முகம்.

மெட்ராசுக்கு ரெலிபோன் கிடைத்தது. அந்தக் காலத்து அழைப்பு. கத்தினால்தான் கேட்கும், கத்தினால் அயல்வீடும் கேட்கும். விநாயகமூர்த்தி குளிரைப் பற்றிக் கத்தினான். பிறகு துஷி வாங்கினாள்.

"அம்மா! உங்களிலை என்ன மணம்?"

மறுமுனையில் நீண்ட இரைச்சல். பிறகு கமலாம்பிகையின் குரல் தேய்ந்து வந்தது: "எனக்கெப்பிடித் தெரியுமம்மா? நீதான் வந்து... நான் வந்தாப்பிறகு நீதான் பாத்துச் சொல்லவேணும்."

"ஓகே," என்றாள் துஷி. ரெலிபோனை வைத்துவிட்டு மாமியின் பக்கம் திரும்பினாள். "மணந்து பாப்பன். சரியெண்டா அம்மா. பிழையெண்டா நான் உங்களோடை."

5

நண்பர்களே, கட்டுரை இங்கே இடறியது.

படப்புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் இருந்தது இதுதான்: துறைமுகச் சீல் குட்டிக்குப் பால் கொடுப்பது ஏறத்தாழ நான்கு கிழமை, அதாவது நான்கு வாரம். அதற்குப் பிறகு தாய் போய்விடும். திரும்பி வராது. குட்டி தானாக மீன் பிடிக்கப் பழக வேண்டும். குணவதி எழுத முயன்றாள்.

"நாலு கிழமை கழிந்ததும் அம்மாச் சீல் ஒரு நாள்"

"நாலு கிழமைக்குப் பிறகு குட்டி கெட்டிக்காரக் குட்டியாகிவிடும், ஏனென்றால்"

"ஏனென்றால்"

மாஸ்ரர் வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "பொங்கல் மலரிலை தாய் விட்டிட்டுப் போனா எண்டு எழுதலாமே பிள்ளை? சனம் எழும்பிப் போயிடும். தாய் ஒவ்வொரு ஞாயிறும் வந்து பாக்கிறா எண்டு போடும்."

"சீலுக்கு ஞாயிறு தெரியுமே மாஸ்ரர்?"

"அப்ப வெள்ளிக்கிழமை எண்டு போடும். கடைசியிலை, ஆகவே நாமும் பெற்றோரை மதிப்போம் எண்டு ஒரு வசனம். எல்லா விலங்குக்கும் அதுதான் முடிவு. பீவருக்கும் அதைத்தான் போட்டனான்."

குணவதி தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். பொய் எழுத அவளுக்கு மனம் வரவில்லை. மெய்யை எழுதினால் துஷி வாசிப்பாள்.

இங்கே எனக்கு அவள்மேல் ஒரு சந்தேகம் வந்தது. எழுத்தாளனுக்கு வரும் சந்தேகம், கொஞ்சம் கெட்ட புத்திதான். இவள் இந்த வசனத்தில் ஏன் இப்படிக் கிடந்து உழல்கிறாள்? கேட்டுவிட்டேன். "குணவதி, உண்மையைச் சொல்லும். கமலாம்பிகை வருவது உமக்கு விருப்பமா?"

அவள் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மூலையோடு மூலை வைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"விருப்பம். விருப்பமில்லை. ரெண்டையும் எழுதுங்கோ. ஒண்டை மட்டும் எழுதினா நான் உங்கடை கதையிலை நிக்கமாட்டன்."

இரண்டையும் எழுதிவிட்டேன்.

6

எங்கள் சனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வந்து இறங்குகிறார் என்றால் கட்டடமே எயார்போர்ட்டுக்குப் போகும். வெறுங்கையோடு போக மாட்டார்கள். வருகிறவர் கனடாக் குளிரில் விறைத்துப் போய்விடுவார் என்ற நல்ல மனதோடு ஆளுக்கொரு கம்பளி உடுப்பு கொண்டுபோவார்கள். எயார்போர்ட்டுக்குள்ளே சூடு போட்டிருக்கிறது என்பது எவருக்கும் நினைவு வருவதில்லை. அன்றைக்கும் இரண்டு வான் வண்டி நிறையப் போனார்கள்.

கதவு திறந்து திறந்து மூடியது. கடைசியாகக் கமலாம்பிகை வந்தாள். மெல்லிய நூல் சேலை, கையில் ஒரு பை, கண்கள் கூட்டத்தைத் துழாவின. துஷி மூக்கைத் தயாராக வைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தாள்.

அவ்வளவுதான். பாசம் பாய்ந்து விழுந்தது. இராஜரட்ணம் மாஸ்ரர் தன் கோட்டைக் கழற்றிக் கமலாம்பிகைக்கு மாட்டி, கழுத்துவரை பூட்டிவிட்டார். கோணேஸ்வரி அன்ரி கம்பளிச் சால்வையை மூன்று சுற்றுச் சுற்றினாள். ஒருவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார். இன்னொருவர் கையுறை போட்டார், இரண்டும் இடக் கைக்கு உரியவை. மூன்று வருடம் கழித்து மனைவியைக் கண்ட விநாயகமூர்த்தி, ஊர் பார்க்க என்ன செய்வதென்று தெரியாமல், பிளாஸ்க்கைத் திறந்து அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றினான். கமலாம்பிகையில் மிச்சம் தெரிந்தது கண் மட்டும்.

அந்தக் கம்பளி மூட்டை குனிந்து கைகளை விரித்தது. துஷி கிட்டப் போனாள். கோட்டில் மூக்கை வைத்து ஆழமாக இழுத்தாள். நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்க, தீர்ப்புச் சொன்னாள்.

"இது இராஜரட்ணம் மாஸ்ரர்."

எயார்போர்ட் அதிர்ந்தது. மாஸ்ரரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேறு விமானத்துக்குக் காத்திருந்தவர்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். மூட்டைக்குள் கமலாம்பிகையும் சிரித்தாள், தோள் குலுங்கியது. மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அது குலுங்கிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது.

துஷி ஓடி வந்து குணவதியின் பின்னால் ஒளிந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "பிழை, மாமி," என்றாள்.

"விடுங்கோ, போகப் போகப் பழகிடுவாள்," என்றாள் கோணேஸ்வரி அன்ரி.

இடுப்பைச் சுற்றிய அந்தச் சின்னக் கைகளின் இறுக்கத்தில் குணவதிக்கு ஒரு சந்தோசம் வந்தது. நெஞ்சு நிறைந்த சந்தோசம். அதை நான் மறைக்கப்போவதில்லை. அவளும் மறைக்கச் சொல்லவில்லை.

கமலாம்பிகை தொப்பியைச் சற்று மேலே தள்ளினாள். "இருக்கட்டும் குணம். பிள்ளையை வெருட்ட வேண்டாம். உம்மட்டையே நிக்கட்டும். நான் தள்ளி நிண்டு பாக்கிறன்."

7

இனி முடிவு. என்னிடம் சில கைவசம் இருக்கின்றன.

முதல் முடிவு: துஷி திடீரென்று "அம்மா!" என்று கத்தி ஓடுகிறாள். மறுநாள் பால் பொங்குகிறது. ஆகவே நாமும் பெற்றோரை

(மாஸ்ரரின் பேனா எப்படியோ என் கைக்கு வந்துவிட்டது. வெட்டு.)

இரண்டாவது: குணவதி தன் சால்வையை எடுத்துக் கமலாம்பிகையின் தோளில் போடுகிறாள். கன்று செத்த பசுவுக்கு வைக்கோற் கன்று காட்டுவார்களே, அதுபோல. துஷி வந்து மணக்கிறாள். மாமி மணம். பயம் போய்விடுகிறது; அம்மாவின் மடியில் ஏறி உறங்கிவிடுகிறாள். இதை எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது. குணவதி எட்டிப் பார்த்து வாசித்தாள்.

"வடிவாயிருக்கு. ஆனா கள்ளம்," என்றாள்.

"பிள்ளை நிம்மதியாகத் தூங்குதே."

"என்ரை மணத்திலைதானே தூங்குது? அப்ப மச்சாள் இன்னும் வந்து இறங்கேல்லை."

என்னைத் தள்ளிவிட்டு அவளே போனாள். துஷியின் கைகளை மெல்லப் பிரித்தாள். அது மெல்ல முடிந்த காரியமில்லை. ஒரு கையைப் பிரித்தால் மறு கை வந்து ஒட்டியது. பிரித்தாள். கமலாம்பிகையின் முன்னால் போய் நின்று கோட்டின் மேல் பொத்தானில் கை வைத்தாள்.

"வேண்டாம் குணம்," என்றாள் கமலாம்பிகை. "கழட்டினாப்பிறகும் பிழையெண்டு சொன்னா?"

"சொன்னா நாளைக்கும் மணக்கட்டும். நாளண்டைக்கும் மணக்கட்டும். நான் இவ்வளவு காலம் வைச்சிருந்தது உங்களட்டைக் குடுக்கத்தான் மச்சாள்."

ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினாள். கோட்டு போனது, சால்வை போனது, தொப்பி போனது, இரண்டு இடக் கையுறைகளும் போயின. "ஐயோ குளிரப்போகுது!" என்று யாரோ பதறினார்கள். குணவதி திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் அடங்கிவிட்டார். நூல் சேலையோடு, நீண்ட பயணத்தின் வியர்வையோடு, கமலாம்பிகை நின்றாள். துஷியின் உயரத்துக்கு மண்டியிட்டாள். கைகளை விரிக்கவில்லை இந்த முறை.

துஷி மாமியைப் பார்த்தாள். மாமி தலையாட்டினாள். பிள்ளை ஒவ்வோர் அடியாக நடந்து வந்து, கண்ணை மூடி, அம்மாவின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் மூக்கைக் கொண்டுபோனாள்.

நான் இங்கே நிறுத்துகிறேன்.

அவள் என்ன சொன்னாள் என்பதை நீங்கள் எழுதுங்கள், தம்பி தங்கைகளே. சரி என்று சொன்னாளோ, பிழை என்றாளோ, ஒன்றும் சொல்லாமல் இன்னொரு முறை மூச்சை இழுத்தாளோ, உங்கள் விருப்பம். இதழாசிரியருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். கட்டுரைக்குத் தேவையான வசனத்தை மட்டும், குணவதி எழுதாமல் விட்டதை, நானே எழுதித் தருகிறேன்: நான்கு கிழமை கழிந்ததும் தாய்ச் சீல் பிள்ளையை விட்டு நீந்திப் போய்விடும். அது தவறில்லை, சீல்கள் அப்படித்தான்.

ஆனால் குணவதி சீல் இல்லை. இப்போது கையில் மாஸ்ரரின் கோட்டை வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் விமான நேரப் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எந்த முடிவை எழுதினாலும் எழுதுங்கள், அவளை மற்ற வானில் தனியாக ஏற்றிவிடாதீர்கள். மாஸ்ரர் முன்னுக்கு ஏறட்டும். பின்சீற்றில் மூன்று பேர் தாராளமாக இருக்கலாம்.